நெட்டைத் தொம்மையின் நிழல்

எங்கள் ஊர் சிலுவைத்துறை. எங்களில் பெரும்பாலோருக்கு நிழல் கிடையாது. அது தீவில் வேலையாக இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் கேட்டால் இப்படித்தான் சொல்வோம், அவர்களும் முதலில் எங்கள் காலடியையும் பிறகு எங்கள் முகத்தையும் பார்த்துவிட்டு, சரி சரி என்று தலையாட்டி மீனுக்கு விலை கேட்கத் தொடங்குவார்கள், ஏனென்றால் பசிக்கிறவனுக்கு மீன்தான் முக்கியம், மீன்காரியின் நிழல் இல்லை.

அந்தத் தீவுக்கு வள்ளத்தில் விடியலில் கிளம்பினால் வெயில் ஏறும்போது போய்ச் சேரலாம். ஒரு காலத்தில் அதற்குப் புன்னைத்தீவு என்று பேர். முத்துக் குளிக்க வந்தவர்கள் அங்கே குடிசை போட்டுத் தங்கினார்கள், கப்பல் உடைந்து கரையேறிய பறங்கிகள் உயிர் பிழைத்த நன்றிக்குப் புனித கித்தேரியம்மாளுக்குச் சின்னக் கோயிலாக ஒரு குருசடி கட்டினார்கள், மரக்காயர் ஒருவர் வழிப்போக்கரின் தாகத்துக்காக மழைத்தண்ணீர் சேரும் தொட்டி வெட்டினார், வந்தவர் போனவர் எல்லோரும் கால் நீட்டி இளைப்பாறப் புன்னைமரங்கள் நின்றன, மரத்தில் பறவையும் மணலில் ஆமையும் கடலடியில் புல் மேயும் ஆவுளியா என்கிற கடல்பசுவும் இருந்தன. அதற்குப் பிறகு எங்கள் பாட்டன்மார் வந்தார்கள். கடலுக்குள்ளிருந்து முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறையை, உடைத்து உடைத்து எடுத்து, புன்னையை வெட்டி வெட்டி எரித்து, காளவாய் போட்டுச் சுண்ணாம்பு சுட்டார்கள். அக்கம்பக்கத்து ஊர்களில் பாதி வீடு அந்தத் தீவால் வெளுத்தது. கல் தீர்ந்ததும் அலை வந்து கரையைத் தின்றது, மரம் தீர்ந்ததும் பறவை போயிற்று, பறவை போனதும் பழைய பேரும் போய், காளவாய்த்தீவு என்று புதுப்பேர் வந்தது. கித்தேரியம்மாள் மட்டும் போகவில்லை, அவள் சிலையின் காலைச் சுண்ணாம்பு வைத்துப் பூசியிருந்தார்கள்.

பிறகு அரசாங்கம் தீவை மூடியது. யாரும் கால் வைக்கக் கூடாது என்று பலகை அடித்தார்கள், கல் உடைத்த இடத்தில் பவளம் பிடித்து வளர சிமெண்டுக் கூடுகளை இறக்கினார்கள், கடலடியில் புல் நட்டார்கள், மணலில் புன்னைக்கன்று வைத்தார்கள். எங்கள் தகப்பன்மார் அதை எதிர்த்து ரோட்டில் உட்கார்ந்து கோஷம் போட்டார்கள். அப்புறம் கடலில் மீன் கூடியது, கோஷம் போட்டதை மறந்துவிட்டார்கள். வருஷங்கள் கழித்து ஆவுளியா தன் குட்டியோடு மேய வந்ததாகச் சொன்னார்கள், ஆமை கரையேறியதாகச் சொன்னார்கள், தென்முனை முழுக்க ஆலாப் பறவைகள் மணலிலேயே முட்டையிட்டு நிறைத்ததாகவும் சொன்னார்கள். கன்றுகள்தான் கருகிக்கொண்டிருந்தன. கித்தேரியம்மாள் திருநாள் அன்று மட்டும், ஒரே ஒரு பகல், சிலுவைத்துறைக்காரர்கள் வந்து பூசை கண்டு போகலாம் என்று உத்தரவு வந்தபோது, எங்கள் கோயில் மணியை அடித்தவன் கை வீங்கும்வரை அடித்தான்.

திருநாள் விழுவது கத்திரி வெயிலில். முதல் வருஷம் குருசடிக்கு முன்னால் மொட்டை வெயிலில் நின்று பூசை கண்டோம். எங்கள் பங்குத்தந்தை அமலதாசன் சாமி பிரசங்கத்தை நீட்டிக்கொண்டே போனார், நாங்கள் தலையில் துவாலை போட்டுக்கொண்டு தாங்கிக்கொண்டே நின்றோம், அப்போதுதான் மணல் நிறத்தில் பஞ்சு உருண்டைகளாக ஆலாக்குஞ்சுகள் ஓடி வந்து, ஆளுக்கு இரண்டு மூன்றாக எங்கள் நிழலுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டன.

"யாரும் அசையாதீங்க," என்றார் வாட்சர் சீனிமுகமது. தீவுக்கு வனத்துறை வைத்த காவலர் அவர், தனியாக இருந்து இருந்து பறவைகளோடு பேசிப் பழகியவர். "வெயில்ல விட்டீங்கன்னா வெந்துரும்."

அசையாமல் எத்தனை நேரம் நிற்பது? காற்று திரும்புவதற்குள் வள்ளம் ஏற வேண்டும், இருட்டுக்குப் பிறகு தீவில் ஒருத்தரும் இருக்கக் கூடாது. கடைசியில் மனசைக் கல்லாக்கிக்கொண்டு மெல்லப் பின்னால் நகர்ந்தோம். குஞ்சுகள் நகரவில்லை. அவற்றின்மேல் கிடந்த நிழல்களும் நகரவில்லை. பாதிக் கடல் வந்த பிறகுதான், வள்ளத்தில் கயிற்றுக்கும் கூடைக்கும் நிழல் இருக்கிறது, ஆளுக்கு இல்லை என்பதைக் கவனித்தோம்.

எங்களுக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். பாட்டன்மார் மரத்தை வெட்டிய கோபத்தில் கித்தேரியம்மாள் நிழலைப் பிடித்துவைத்துக்கொண்டாள். சிலுவைத்துறைக்காரனுக்கு எதையும் நேராகப் பார்க்கத் தெரியாது, காய்ச்சல் வந்தாலும் எந்தப் புனிதர் கோபம் என்றுதான் கேட்பான். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எல்லோருக்கும் சத்து மாத்திரை கொடுத்தார். சாமி வீடு வீடாகத் தீர்த்தம் தெளித்தார், அவருக்கும் நிழல் இல்லை என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே தெளித்தார்.

ஆனால் மனுஷன் எதற்குத்தான் பழக மாட்டான்? வலை பின்னுகிறவர்கள் தங்கள் நிழலைப் பார்த்துப் பொழுது சொன்னது போய்க் கைக்கடிகாரம் வாங்கினார்கள், அவர்கள் நிழலில் படுத்துக் கிடந்த கோழிகள் கோபித்துக்கொண்டு பூவரசுக்கு இடம் மாறின, நிழல் மிதித்து விளையாடும் பிள்ளைகள் பஸ்ஸிலிருந்து இறங்குகிற வெளியூர்க்காரர்களைத் துரத்தித் துரத்தி மிதித்தார்கள், கண்டக்டர் பேச்சைக் குறைத்துக்கொண்டு காலடியைப் பார்த்தே "சிலுவைத்துறை எல்லாம் இறங்கு" என்றார். பெண் பார்க்க வந்தவர்கள் தயங்கித் தயங்கிப் பெண்ணுக்கு நிழல் உண்டா என்று கேட்பார்கள். உண்டு, தீவில் இருக்கிறது என்போம். சந்தையில் ஒருத்தன், நிழல் இல்லாதவள் கையால் மீன் வாங்கினால் வீட்டுக்கு ஆகாது என்று முறுக்கியபோது மெற்றில்டாதான் கூடையை அவன் முன்னால் தள்ளினாள். "முதல்ல மீனுக்கு நிழல் இருக்கான்னு பாரும் வேய், பொறவு எனக்குப் பாக்கலாம்." மெற்றில்டா சங்கு குளிக்கிற தொம்மையின் பெண்டாட்டி, வாய்க்குப் பேர்போனவள்.

மறுவருஷம் திருநாளுக்கு நிழலை மீட்டுவர மன்னிப்பு மன்றாட்டுகளோடு, முழங்காலில் தீவைச் சுற்றி வருகிற நேர்ச்சையோடு போய் இறங்கினால், சீனிமுகமது எங்களைப் பார்த்ததும் எட்டிப் பிடித்து ஒவ்வொருவர் கையையும் குலுக்குகிறார். கண்ணில் தண்ணீர். எங்கள் நிழல்கள் விட்ட இடத்தில் கிடந்தன. போன வருஷக் குஞ்சு ஒன்றுகூடச் சாகவில்லை என்றார். குஞ்சுகள் பறந்த பிறகு நிழல்கள் மணலில் ஊர்ந்துபோய்க் கருகிக்கிடந்த புன்னைக்கன்றுகள்மேல் படுத்துக்கொண்டன, ஆமைகள் முட்டையிட்ட மாதங்களில் அந்தக் குழிகள்மேல் படுத்துக்கொண்டன, பறவைகள் திரும்பி வந்ததும் அவையும் திரும்பி வந்தன, உச்சி வெயிலில் எல்லா நிழலும் சுருங்கும், இவை மட்டும் சுருங்கவில்லை, குஞ்சுக்கு அப்போதுதான் நிழல் வேண்டும் என்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது. கன்றுகள் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தன.

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். எங்களுக்கு அது எங்கள் நிழலிலேயே தெரிந்தது. பாட்டன்மார் வெட்டிய நிழலுக்குப் பேரன்மார் நிழல். அவரவர் நிழலின் காலடியில் நின்றால் அது ஒட்டிக்கொண்டது, வேண்டுமென்றால் வீட்டுக்குக் கொண்டுவரலாம், ஒருவரும் கொண்டுவரவில்லை. திருநாள் பகலுக்கு மட்டும் போட்டுக்கொண்டு, கிளம்பும்போது குஞ்சுகளை அதற்குள் கூட்டிவைத்து, பின்னால் நகர்ந்து விட்டுவந்தோம்.

அதிலிருந்து ஊரில் வேறொரு நோய் பிடித்தது, பெருமை நோய். அவரவர் நிழலுக்கு அவரவர் இடம்; இது என் இடம், இவை என் குஞ்சுகள், இது என் கன்று. ஒருத்தர் இடத்தில் இன்னொருத்தர் நிழல் கொஞ்சம் ஏறிவிட்டால் வரப்புச் சண்டைதான். உடம்பைச் சொல்லி ஊரே கேலி செய்த சலேத்தம்மாளுக்கு இப்போது ஏகப்பட்ட மரியாதை, அவள் நிழலில் ஒரு ஆமைக்குழி முழுசாக அடங்கியது. நான் குட்டை, என் நிழலுக்கு ஒரு கன்றும் ஒரு குஞ்சும்தான், அதைப் பற்றி நான் பேசுவதில்லை. எல்லோருக்கும் மேலே தொம்மை. ஊரிலேயே நெட்டையன், நெட்டைத் தொம்மை என்றுதான் பேர். கன்றே பிடிக்காத தென்முனை வெளியில், ஆலாக்கள் நெருக்கியடித்து முட்டையிடும் இடத்தில், அவன் நிழல் ஒரு பாயை விரித்ததுபோல் நீளமாகக் கிடந்தது.

சில வருஷம் இப்படிப் போன பிறகு, ஓர் ஐப்பசியில் தொம்மை கடலில் போனான். மூழ்கியவன் எழும்பவில்லை, தேடிப் போனவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள், கடல் அவனைத் திருப்பித் தரவில்லை.

எங்கள் ஊரில் உடல் கிடைக்காதவனுக்குக் குழி கிடையாது. உடல் வீட்டுக்கு வந்தால்தான் ஒப்பாரி, ஒப்பாரி வைத்தால்தான் சாவு. கல்லறைத் திருநாள் அன்று ஊரே கல்லறைத் தோட்டத்தில் தன் தன் குழிக்குப் பூப் போட்டு மெழுகுதிரி ஏற்றும், கடலில் போனவர்களின் வீட்டார் மட்டும் கடற்கரை மணலில் ஏற்றுவார்கள். அந்த வருஷம் கடற்கரையில் மெற்றில்டா ஒருத்திதான். வாடைக்காற்று அடிக்கிற மாதம் அது. அவள் கொளுத்தக் கொளுத்தக் காற்று அணைத்தது, முந்தானையை மறைத்துக் கொளுத்தினாள், முதுகைத் திருப்பி உட்கார்ந்து கொளுத்தினாள், தீப்பெட்டி காலியானது. அவள் அழவில்லை. திரியை மடியில் செருகிக்கொண்டு நேராகச் சாமியிடம் வந்தாள்.

"சாமி, அவரு நெழலு தீவுல கெடக்குல்லா. வார திருநாளுக்கு நான் அதைக் கூட்டியாரேன். ஒரு குழி வெட்டிப் பொதைச்சுத் தாருங்க."

அமலதாசன் சாமி நல்லவர், எதையும் வேதத்தில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். தேடினார். இருவரும் ஒரே உடல் என்று எழுதியிருக்கிறது, உடல் ஒன்று என்றால் நிழலும் ஒன்றுதான், ஆகவே பெண்டாட்டி போய் நின்றால் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லிவிட்டார்.

ஊர்தான் ஒத்துக்கொள்ளவில்லை. திருநாள் கமிட்டித் தலைவர் வியாகுலம், தொம்மையின் கூடப்பிறந்த அண்ணன், கோயில் முற்றத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"ஏட்டி மெற்றில்டா, தம்பி செத்தும் நல்லது செஞ்சிட்டுக் கெடக்கான். அத்தன குஞ்சு அவன் நெழலைத்தான் நம்பி இருக்கு. அதைக் கொண்டாந்து மண்ணுல போட்டு மூடணுங்கிய. இது நியாயமா?"

"அவரு செஞ்சது போதும் அத்தான்," என்றாள். "எனக்கு நியாயம் வேண்டாம். ஒரு மெழுகுதிரி நிக்க எடம் வேணும்."

அவள் பக்கம் பார்த்தால் அவள் சொல்வது சரி, குஞ்சுகள் பக்கம் பார்த்தால் வியாகுலம் சொல்வது சரி, அதனால் திருநாள் வரும்வரை நாங்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் மீன் வாங்கினோம்.

திருநாள் வந்தது. தொம்மை இல்லாத முதல் திருநாள். தீவு பச்சை பிடித்திருந்தது. புன்னைகள் சில ஆள் உயரம் தாண்டிவிட்டன, சிலது பூத்தும் இருந்தது. வள்ளம் கரையை நெருங்கும்போது ஆவுளியா ஒன்று மூச்சுவிட மேலே வந்து, எங்களைப் பார்த்துவிட்டு, இவர்கள்தானா என்பதுபோல் உள்ளே போயிற்று. பூசை முடிந்தது. மெற்றில்டா குருசடிக்கு முன்னால் சிலுவை போட்டுக்கொண்டு தென்முனைக்கு நடந்தாள், வேடிக்கை பார்க்கிற ஊர் அவள் பின்னால் நடந்தது.

தொம்மையின் நிழல் மணலில் கைகளை விரித்துப் படுத்திருந்தது. அதற்குள் குஞ்சுகள், எண்ணி முடியாத குஞ்சுகள், தோளில், நெஞ்சில், விரலிடுக்கில். மெற்றில்டா அதன் காலடியில் போய் நின்றாள். சாமி சொன்னது சரி, ஒட்டிக்கொண்டது. அவள் கையை உயர்த்தினாள், மணலில் தொம்மையின் நீளமான கை உயர்ந்தது. கைக்குள்ளிருந்த குஞ்சுகள் வெயிலில் விழுந்து வாயைப் பிளந்துகொண்டு கத்தின. அவள் சட்டென்று கையைப் பழையபடி விரித்தாள். குஞ்சுகள் ஓடி வந்து அடங்கின.

"தங்கச்சி, நீ ஒரு எட்டு வெச்சாலும் அதுகளுக்கு வெயிலு," என்றார் சீனிமுகமது. "கூட்டிப் போகாதேன்னு சொல்ல எனக்கு வாய் வரல. பாத்துச் செய்யி."

"நான் போகலியே, நிக்கேன்லா," என்றாள் அவள். "இதுவ பறக்குற மட்டும் நிக்கேன். பொறவு கூட்டிப் போறேன்."

"பறக்க மாசம் ஆகும்."

"ஆகட்டும்."

கைகளை விரித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கத்திரி வெயிலில் நின்றாள். காற்று திரும்ப ஆரம்பித்தது. வள்ளக்காரர்கள் குரல் கொடுத்தார்கள். இருட்டினால் இங்கே யாரும் இருக்கக் கூடாது, அது உத்தரவு. அவளைத் தூக்கிக்கொண்டு போனால் நிழலும் வரும், குஞ்சுகள் வேகும். நிழலைப் பிய்த்துப் போட்டுவிட்டு அவளைக் கூட்டிப்போகலாம், ஆனால் அதைச் செய்ய எங்கள் ஊரில் யாருக்குக் கை வரும்? வியாகுலம் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மெற்றில்டாவின் விரித்த கைகள் நடுங்க ஆரம்பித்தன, அந்த நடுக்கம் அத்தனை பெரிதாக மணலில் தெரிந்தது.

முதலில் அசைந்தது சலேத்தம்மாள். மூச்சு வாங்க நடந்து வந்து, மெற்றில்டாவுக்குப் பக்கத்தில், தன் நிழல் தொம்மையின் நெஞ்சில் விழும்படி நின்றாள்.

"உங்க ஆமைக்குழி?" என்று யாரோ கேட்டார்கள்.

"புன்னை வளந்தாச்சு, அது பாத்துக்கிடும்," என்றாள் சலேத்தம்மாள். "என் நெழலு அங்கன சும்மாத்தான் கெடந்துது. பெருமைக்கு விட்டு வச்சிருந்தேன்."

அது எங்கள் எல்லோருக்கும் பொருந்தும். கன்று வளர்ந்து தானே நிழல் தருகிற இடத்திலும், இது என் இடம் என்று விடாமல் கிடந்தவர்கள்தானே நாங்கள். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு. காலடியில் அந்தக் கொடிதான் படர்ந்து கிடந்தது, அதை மிதிக்காமல் தாண்டித் தாண்டி ஒவ்வொருவராக வந்தோம். ஒருத்தர் தொம்மையின் ஒரு கைமேல், ஒருத்தர் மறு கைமேல், கணவனும் மனைவியும் காலுக்கு, கோயில் மணியடிப்பவன் கழுத்துக்கு, சாமி அங்கியைப் பரப்பிக்கொண்டு இடுப்புக்கு. என் குட்டை நிழல் எதற்கு உதவும் என்று நினைத்தேன்; தோளுக்கும் தலைக்கும் நடுவில் ஒரு சின்ன இடம் விட்டுப்போயிருந்தது, சரியாகப் பொருந்தியது, அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கடைசியில் வியாகுலம் வந்தார். தம்பியின் தலை விழுந்த இடத்தில் தன் தலை விழும்படி நின்றுகொண்டு, "இப்பம் கூட்டிட்டுப் போ, மக்கா," என்றார்.

மெற்றில்டா தன் சொந்த நிழலையும் அந்தக் கூட்டத்தில் விட்டாள். பிறகு ஒரு அடி பின்னால் வைத்தாள். தொம்மையின் நிழல் எங்கள் நிழல்களுக்கு அடியிலிருந்து மெல்ல உருவிக்கொண்டு அவளோடு போயிற்று. ஒரு குஞ்சுகூடத் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

வள்ளத்தில் நிழல் இருந்த ஒரே ஆள் அவள்தான். கரையில் இறங்கியதும் நேராகக் கல்லறைக்குப் போகவில்லை, முதலில் வீட்டுக்குப் போக வேண்டும் என்றாள். சாயங்கால வெயிலில் தெருவே பார்த்துக்கொண்டிருக்க, குள்ளமான அந்தப் பெண்பிள்ளை முன்னால் ஒரு நெட்டை மனிதனின் நிழல் நடந்துபோயிற்று. வாசல் வந்தது. மெற்றில்டா நிமிர்ந்தபடியே உள்ளே நுழைந்தாள், அவளுக்கு அந்த வாசல்நிலை தாராளமான உயரம். நிழல் தலையைக் குனிந்து நுழைந்தது.

அதைக் கண்டதும்தான் மெற்றில்டா அழுதாள். ஐப்பசியிலிருந்து அடக்கி வைத்த ஒப்பாரி முழுவதும் அந்த வாசலில் வெடித்தது. பெண்கள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார்கள், வியாகுலம் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கினார், நாங்கள் அழுதோம், எங்களுக்கு வெட்கமாகவே இல்லை. உடல் வீட்டுக்கு வந்துவிட்டது. தொம்மை செத்துப்போனான் என்று அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது.

குழி தயாராக இருந்தது. அவள் குழியின் கிழக்குப் பக்கத்து ஓரத்தில் மேற்கே பார்த்து நிற்கப் போனாள், சாமி அவளைத் தோளைப் பிடித்து மேற்குப் பக்கம் கொண்டுவந்து நிறுத்தினார். இறங்குகிற வெயில் முதுகில் பட்டது, நிழல் முன்னால் நீண்டு, குழிக்குள் இறங்கி, கையைக் காலை ஒழுங்காக வைத்துக்கொண்டு படுத்தது, பிறகு அவள் பாதத்திலிருந்து தானாகவே விட்டுக்கொண்டது. ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டோம். இப்படி ஒருவனை எங்களுக்குக் கொடுத்ததற்கும், அவனை நாங்கள் திரும்பக் கொண்டுவர முடிந்ததற்கும், அந்தக் குஞ்சுகளுக்கும்கூட, சாமி ஒரு நன்றி மன்றாட்டுச் சொன்னார். ஆமென் என்று நாங்கள் சொன்ன சத்தம் கடற்கரைக்குக் கேட்டிருக்கும்.

கல்லறைத் திருநாள் வந்தபோது வாடை வழக்கத்தைவிட மோசமாக அடித்தது. அவரவர் குழிக்கு அவரவர் திரி ஏற்றிக்கொண்டிருந்தோம். எங்களுடைய பழைய கல்லறைகளில் சிலுவைக்கு அடியில் மாடம் உண்டு, தொம்மையின் குழி புது மண், மேலே மறைப்பு எதுவும் இல்லை. மெற்றில்டா மண்டியிட்டுத் தீக்குச்சியைக் கிழித்தாள், அணைந்தது. இன்னொன்றைக் கிழித்தாள். நாங்கள் எங்கள் குழிகளை விட்டுத் திரும்பினோம். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. அவளைச் சுற்றித் தோளோடு தோள் இடித்து நின்றோம். நிழல் இல்லாவிட்டாலும் காற்றை மறிக்க எங்களுக்கு உடம்பு இருந்தது. திரி கடைசிவரை எரிந்தது.